ஹெட்லாம்ப்: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சமும்

இருட்டில் பழுது பார்த்துப் பழகியவர்கள் ஒரு முறையாவது டார்ச்சைப் பல்லால் கவ்விக்கொண்டு வேலை செய்திருப்பார்கள். ஒரு கையில் ஸ்பானர், இன்னொரு கையில் நட்டு, டார்ச்சைப் பிடிக்க ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் தாடை வலிக்கும், எச்சில் ஊறும், தலையை லேசாகத் திருப்பினாலும் வெளிச்சம் வேறெங்கோ போய்விடும். ஹெட்லாம்பை முதன்முதலாக நெற்றியில் மாட்டிக்கொள்ளும்போது கிடைக்கிற நிம்மதி இந்த அவஸ்தையைப் பட்டவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். கண் எங்கே போகிறதோ அங்கே வெளிச்சமும் போகிறது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு எளிமையான பொருளை வாங்கப் போனால் ஏன் இத்தனை குழப்பம்? பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 400 லூமன், 1000 லூமன், 2000 லூமன். பெரும்பாலானவர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பல வருடம் விதவிதமான விளக்குகளை மாட்டிப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. ஹெட்லாம்ப் எரிகிற நேரத்தில் பெரும்பகுதி, நாம் பார்க்கிற பொருள் கைக்கெட்டும் தூரத்திலோ நாலைந்து அடி முன்னாலோதான் இருக்கிறது. அதனால் விளக்கு உச்சத்தில் எவ்வளவு எரிகிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. தாழ்ந்த வெளிச்சத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது, எத்தனை மணி நேரம் மங்காமல் நிற்கிறது, தலையில் இருப்பதே மறந்துபோகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

தலையில் விளக்கு மாட்டும் வழக்கம் சுரங்கத்திலிருந்து வந்தது. திரி போட்ட எண்ணெய் விளக்கு தொப்பியிலேயே எரிந்த காலம் உண்டு. 1900இல் ஃபிரெடெரிக் பால்ட்வின் என்ற அமெரிக்கர் கார்பைடு விளக்குக்குக் காப்புரிமை வாங்கினார். கால்சியம் கார்பைடின் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வரும், அதைக் கொளுத்தினால் நல்ல வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். ஆனால் தீப்பற்றும் வாயு தேங்கியிருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் திறந்த சுடர் உயிருக்கு ஆபத்து. 1914 வாக்கில் தாமஸ் எடிசன் சுரங்கத் தொழிலாளிகளுக்கான மின்விளக்கைச் செய்தார். பேட்டரி இடுப்பில், பல்பு தொப்பியில், நடுவே ஒரு கேபிள். இடுப்பிலிருந்து தலைக்குக் கேபிள் ஓடும் அந்த அமைப்பு பல பத்தாண்டுகள் நிலைத்தது. 2000இல் பெட்ஸல் நிறுவனம் டிக்கா என்ற சின்ன விளக்கைக் கொண்டுவந்தது. மூன்று எல்இடி, மூன்று ஏஏஏ பேட்டரி, எல்லாமே நெற்றியில். இன்றைய கணக்கில் அதன் வெளிச்சம் ரொம்பக் குறைவு. ஆனாலும் கூடாரத்துக்குள் பை அடுக்கவும், பாதையில் மெதுவாக நடக்கவும், படிக்கவும் அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் நம் வேலைகள் அதே வேலைகள்தான்.

சரி, லூமனுக்கு வருவோம். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவரும் மொத்த ஒளிதான் லூமன். அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்லாது. அதற்குக் கேண்டெலா என்று வேறொரு அளவு இருக்கிறது. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதை அது காட்டும். அதே 300 லூமனைக் குறுகலாகக் குவித்தால் தூரத்து மரம் தெரியும், காலடியில் இருக்கும் கல் தெரியாது. அகலமாகப் பரப்பினால் காலடி, பக்கவாட்டுப் புதர் எல்லாம் தெரியும், தூரம் இருட்டாகவே இருக்கும். எண் ஒன்றுதான், விளக்கு வேறு.

பெட்டியில் 'இத்தனை மீட்டர்' என்று போட்டிருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பொறுப்பான தயாரிப்பாளர்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையைப் பின்பற்றுகிறார்கள். 2009இல் வந்து, பிறகு திருத்தப்பட்ட முறை இது. ஒரு பரப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதன் அளவு லக்ஸ். இந்த முறைப்படி வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும்தான் விளக்கின் தூரம். 0.25 லக்ஸ் என்றால் திறந்தவெளியில் பௌர்ணமி நிலவு தரும் வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். 200 மீட்டர் வேண்டுமானால் 10,000 கேண்டெலா தேவை. தூரத்தை இரட்டிப்பாக்க வெளிச்சத்தை நான்கு மடங்கு ஆக்க வேண்டியிருக்கிறது, பேட்டரியும் அதற்கேற்ப கரையும். அப்புறம், பௌர்ணமி வெளிச்சத்தில் அங்கே ஒரு பாறை இருக்கிறது என்பது தெரியும். அதன் மேல் பாசி படிந்திருக்கிறதா, கால் வைத்தால் வழுக்குமா என்பது தெரியாது. அதனால் பெட்டியில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நான் நம்பி நடக்கும் தூரமாக எடுத்துக்கொள்வேன்.

எரியும் நேரம் என்று போட்டிருப்பதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அதே முறையின்படி, விளக்கைப் போட்டு 30 வினாடி கழித்து முதல் வெளிச்சத்தை அளக்கிறார்கள். அங்கிருந்து வெளிச்சம் அந்த ஆரம்ப அளவில் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஓடுகிற மொத்த நேரமும் 'எரியும் நேரம்' ஆகிறது. இப்படி ஒரு விளக்கை நினைத்துப் பாருங்கள். 400 லூமனில் தொடங்குகிறது, மூன்று நிமிடத்தில் சூடாகி 120க்கு இறங்குகிறது, இரண்டு மணி நேரத்தில் 80, அதன் பிறகு மெல்ல மெல்ல 40. இந்த நேரமெல்லாம் கணக்கில் சேரும். பெட்டியில் 400 லூமன் என்றும் இருக்கும், பல மணி நேரம் என்றும் இருக்கும். இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது.

வெளிச்சம் இப்படி இறங்குவதற்கு இரண்டு காரணம். முதலாவது சூடு. எல்இடி மின்சாரத்தில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்குகிறது, மீதி வெப்பமாகிறது. கட்டைவிரல் அளவு உலோகத்தால் அந்த வெப்பத்தை ஓரளவுக்கு மேல் காற்றில் விட முடியாது. அதனால் உச்ச அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சின்ன விளக்கு சில நிமிடத்தில் தானாகவே இறங்கிவிடும். இரண்டாவது காரணம் பேட்டரி. மலிவான விளக்கில் பேட்டரியின் வோல்டேஜ் குறையக் குறைய வெளிச்சமும் கூடவே குறையும். நல்ல விளக்குக்குள் ஒரு சீராக்கும் சர்க்யூட் இருக்கும். பேட்டரி பாதி காலியானாலும் வெளிச்சம் அதே அளவில் நிற்கும், கடைசியில்தான் எச்சரித்துவிட்டு இறங்கும். நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தைச் சில நிறுவனங்கள் தாங்களே வெளியிடுகின்றன. அந்தக் கோடு மேசைபோல் தட்டையாக ஓடினால் எனக்கு அந்த விளக்கின் மேல் மரியாதை வரும். சறுக்குமரம்போல் விழுந்தால் உச்ச லூமன் எவ்வளவு என்று நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதோடு நம் கண்ணின் இயல்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 200 லூமன் 400 ஆனால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும். இரட்டிப்பாகத் தோன்ற நாலு மடங்கு போல வேண்டும். 800க்கும் 1000க்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் சொல்வது கடினம். அதுவே தாழ்ந்த பக்கத்தில் 1 லூமனுக்கும் 10 லூமனுக்கும் நடுவே இருப்பது பெரிய வித்தியாசம். ஒன்று தூங்குகிறவரை எழுப்பாது, இன்னொன்று எழுப்பிவிடும்.

இந்தத் தாழ்ந்த பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை. இருட்டுக்கு நம் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று இருக்கும் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி மறுபடி சேர்வதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். பளீரென்று ஒரு வெளிச்சம் பட்டால் சேர்ந்ததெல்லாம் நொடியில் போய்விடும். நடுராத்திரியில் தண்ணீர் பாட்டிலைத் தேட விளக்கைப் போடுகிறோம், அது 200 லூமனில் வெடித்துக்கொண்டு வருகிறது. கண் கூசுகிறது, பக்கத்தில் படுத்திருப்பவர் முனகுகிறார். அணைத்த பிறகு முன்பிருந்ததைவிடக் கனத்த இருட்டு. நல்ல விளக்கில் 1 லூமனுக்கும் குறைவான ஒரு நிலை இருக்கும், 'நிலவொளி நிலை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த அரை லூமன் தாராளம். செருப்பைத் தேடலாம், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம், கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கலாம். அந்த நிலையில் சில விளக்குகள் நாள்கணக்கில் எரியும். முக்கியமான கேள்வி: அந்த நிலைக்கு நேராகப் போக முடியுமா? உச்ச வெளிச்சத்தைக் கடந்துதான் போக வேண்டுமென்றால் அந்த நிலை இருந்தும் பயனில்லை.

சிவப்பு வெளிச்சமும் இதற்காகத்தான். மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் செல்கள் ஆழ்ந்த சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அதனால்தான் வானத்தைப் பார்க்கிறவர்கள் சிவப்பு விளக்கை விரும்புகிறார்கள். ஆனால் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, மங்கலாகவும் இருக்க வேண்டும். கண்ணைக் குத்தும் சிவப்பைவிட மிக மங்கலான வெள்ளை நல்லது என்பது என் அனுபவம். சிவப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சிட்ட கோடுகள் அந்த வெளிச்சத்தில் காகிதத்தோடு கரைந்து மறைந்துவிடும். பாதையைப் பார்க்க வரைபடத்தைப் பிரித்தால் பாதையே காணாமல் போயிருக்கும்.

அடுத்தது ஒளிக்கற்றையின் வடிவம். ஒரு வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் குவிந்த புள்ளி விழும் விளக்கால் படித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் நாலு வார்த்தை வெளுத்துப்போய்க் கண்ணைக் கூசும், ஓரத்து வார்த்தைகள் மங்கும். வரிக்கு வரி தலையை ஆட்டிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் கழுத்தும் கண்ணும் களைத்துவிடும். அதே தாளை, முகப்பில் மங்கல் கண்ணாடி போட்ட பரந்த விளக்கால் பார்த்தால் பக்கம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். தலையை ஆட்டவே வேண்டாம், கண் மட்டும் நகர்ந்தால் போதும். கிட்ட வேலைக்குப் பரந்த ஒளி, ஓட்டத்துக்கும் பாதை தேடுவதற்கும் நடுவே கொஞ்சம் குவிந்து ஓரம் மெல்ல மங்கும் ஒளி. இரண்டையும் தனித்தனி எல்இடியாக வைத்து, தேவைக்கு ஒன்றையோ இரண்டையுமோ போட்டுக்கொள்ளும் விளக்குகள் எனக்குப் பிடித்தவை. முன்பக்கத்தை இழுத்தும் தள்ளியும் குவிக்கிற வகையில் லென்ஸ் நகரும் இடைவெளி வழியே தண்ணீர் புகுந்துவிடலாம். குவித்த நிலையில் ஒளியில் கணிசமான பங்கு வீணாகவும் போகிறது.

விளக்கு கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நடக்கும் விசித்திரங்கள் தனிக்கதை. புல்வெளியில் இரவில் ஹெட்லாம்போடு நின்று தரையைப் பார்த்தால் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னும். பனித்துளி என்றுதான் முதலில் தோன்றும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் அது ஒரு ஓநாய்ச் சிலந்தியின் கண். அதன் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது, உள்ளே வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. விளக்கு நம் கண்ணை ஒட்டி இருப்பதால் திரும்பும் ஒளி நம் கண்ணுக்கே வருகிறது. அதே விளக்கை இடுப்பில் பிடித்துப் பாருங்கள், மின்னுவது நின்றுவிடும். இரவில் உயிரினங்களைக் கணக்கெடுப்பவர்கள் ஹெட்லாம்பை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நெருக்கம் வேறு இடத்தில் எதிரியாகிறது. மூடுபனியிலும் தூறலிலும் காற்றில் இருக்கும் ஒவ்வொரு துளியும் ஒளியை நேராகக் கண்ணுக்கே திருப்பிவிடும். முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியதுபோல் இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் சுவர் இன்னும் வெளுக்கும். அப்போது செய்ய வேண்டியது, விளக்கைக் கழற்றிக் கையில் தாழ்வாகப் பிடிப்பது. உடனே பாதை தெரியும். இன்னொன்று, பார்வையும் ஒளியும் ஒரே கோட்டில் போவதால் பொருள்களின் நிழல் அவற்றின் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. கரடுமுரடான பாதை தட்டையாக வரைந்த படம்போல் தெரிய, வேர் தடுக்கி விழுகிறோம். இரவில் மலைப்பாதையில் ஓடுகிறவர்களில் சிலர் இடுப்பிலும் ஒரு விளக்கைக் கட்டிக்கொள்வது இதனால்தான்.

நிறத்தைப் பற்றிப் பெட்டி பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. நல்ல நீல எல்இடியை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான பூச்சில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். ஒரு முறை பழைய மின்பெட்டி ஒன்றைத் திறந்து, நீலம் அடிக்கும் வெளிச்சத்தில் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஆரஞ்சு எது என்று சொல்ல முடியவில்லை. மெயினை அணைத்திருந்ததால் பயமில்லை, ஆனால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று குறித்து வைத்தது பாதி தப்பு. இன்னொரு விளக்கை மாட்டிக்கொண்டு பார்த்தபோது மூன்று நிறமும் மூன்றாகப் பிரிந்து நின்றன.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்ற எண் இருக்கிறது, அதிகபட்சம் 100. சாதாரண எல்இடி 70இல் இருந்து 80க்குள் இருக்கும். 90க்கு மேல் இருந்தால் காயத்தின் சிவப்பு, ஒயரின் பழுப்பு, துருவுக்கும் எண்ணெய்க் கறைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் தெளிவாகத் தெரியும். இந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி, அழுத்தமான சிவப்பு அதில் சேராது. சிவப்புக்கு ஆர்9 என்று தனியாக ஒரு மதிப்பு உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லும் தயாரிப்பாளரை நம்பலாம். நிற வெப்பநிலை வேறு விஷயம். 6500 கெல்வின் என்றால் நீலச் சாயல், 3000 என்றால் மஞ்சள் சாயல். எனக்கு 4000ஐ ஒட்டி இருந்தால் நெடுநேரம் வேலை செய்யும்போது கண் அமைதியாக இருக்கிறது. உயர்ந்த சிஆர்ஐ உள்ள எல்இடியில் லூமன் கொஞ்சம் குறையும். இழப்பதைவிடப் பெறுவது அதிகம் என்று தயங்காமல் சொல்வேன்.

பேட்டரியில்தான் மனவருத்தம் அதிகம். சாதாரண அல்கலைன் பேட்டரி போட்ட ஒரு விளக்கை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வருடம் மறந்துபோனேன். மின்வெட்டு நாளில் எடுத்தால் எரியவில்லை. மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது. அல்கலைனுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து உலோகத்தை அரித்திருந்தது. காதுகுடையும் பஞ்சை வினிகரில் தோய்த்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்ததில் ஒரு முனை பிழைத்தது, இன்னொன்று கையோடு ஒடிந்து வந்தது. அன்றிலிருந்து பயன்படுத்தாத விளக்கில் அல்கலைனை விட்டுவைப்பதில்லை. ஏஏஏ வகை விளக்கு வைத்திருப்பவர்களுக்கு சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் நல்லது. 1.2 வோல்ட்தான் என்றாலும் கூடுதல் மின்சாரம் இழுக்கும்போது அல்கலைன்போல் சோர்ந்துபோகாது. கடும் குளிருக்கும், அவசரத்துக்கென்று எடுத்து வைக்கவும், சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏஏ ஏற்றது. எடை குறைவு, உறைபனியிலும் வேலை செய்யும், எளிதில் கசியாது.

வெளிச்சமும் நேரமும் நிறைய வேண்டுமென்றால் 18650 என்ற, சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயன் பேட்டரி. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல ஒன்றில் 3500 மில்லிஆம்பியர் மணி வரை இருக்கும், அதாவது ஏறக்குறைய 12 வாட் மணி. மூன்று ஏஏஏ அல்கலைனில் நாலு வாட் மணி கிடைத்தாலே அதிகம். எடையோ 18650 ஒன்று 48 கிராம் போல, மூன்று ஏஏஏ 35 கிராம் போல. கூடுதலாக ஒரு சின்னக் கையளவு எடைக்கு மூன்று மடங்கு ஆற்றல். லித்தியம் அயனுக்குக் குளிரில் பலம் குறையும் என்பதையும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் பேட்டரி கெடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விமானத்தில் போகும்போது உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் உறையில் போட்டு.

உள்ளேயே அடைத்த பேட்டரியா, கழற்றி மாற்றக்கூடியதா? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாற்ற முடியாத பேட்டரி சில வருடத்தில் தேய்ந்தால் விளக்கையே தூக்கி எறிய வேண்டும். இரவின் நடுவில் தீர்ந்துபோனாலும் வழியில்லை. மாற்றக்கூடியது என்றால் பையில் இன்னொரு பேட்டரி இருந்தால் போதும். பொதுவான யூஎஸ்பி-சி துளை இருக்கட்டும். தனக்கென்று ஒரு காந்தக் கேபிளை வைத்திருக்கும் விளக்கு, அந்தக் கேபிள் தொலைந்த அன்று வெறும் பொருளாகிவிடும். குகைக்குள் இறங்குகிறவர்கள் ஒன்றையொன்று சாராத மூன்று விளக்குகளாவது எடுத்துப் போவார்கள். நமக்கு மூன்று வேண்டாம், ஆனால் ஊரைவிட்டு இருட்டுக்குள் போகிறவர்களுக்கு இரண்டு கட்டாயம். ஒரு விளக்கின் பேட்டரியை மாற்றவே இன்னொரு விளக்கு வேண்டுமே.

எடையைத் தராசில் மட்டும் பார்க்கக் கூடாது. 90 கிராமும் நெற்றியிலேயே தொங்கினால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது குதிக்கும். குதிக்காமல் இருக்கப் பட்டையை இறுக்குவோம், ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். அதைவிடக் கனமான விளக்குகூட, பேட்டரி பின்மண்டையில் இருந்தால் சமமாக உட்கார்ந்துவிடும். ஆனால் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவர்களுக்குப் பின்பேட்டரி உறுத்தும். பட்டை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். வியர்வை ஊறிய பட்டையை ஒரு வாரம் கழித்து யாராலும் நெற்றியில் வைக்க முடியாது. விளக்கைச் சாய்க்கும் கீல் முக்கியம். ஒவ்வொரு சாய்வுக்கும் 'டக்' என்று நிற்க வேண்டும், ஓடும்போது தானாகத் தொங்கக் கூடாது. கீழே விழுந்தால் முதலில் ஒடிவதும் இந்தக் கீல்தான்.

பட்டனில் எளிமைதான் வேண்டும். ஒரே பட்டனை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை, நீளமாக, நீளமாகவும் பிறகு குட்டையாகவும் என்று அழுத்தப் படிப்பதற்கு ஒரு கையேடு வேண்டியிருந்தால், குளிரில் விறைத்த விரலோடு நள்ளிரவில் எதுவும் நினைவுக்கு வராது. வெளிச்சத்துக்கு ஒன்று, வகை மாற்ற ஒன்று என்று இரண்டு பட்டன் இருந்தால் கை தானாகப் பழகிக்கொள்ளும். பூட்டு வசதி கட்டாயம். பைக்குள் ஏதோ அழுத்தி, பகல் முழுக்க உள்ளேயே எரிந்து, இரவில் எடுக்கும்போது தீர்ந்துபோன விளக்கைப் பார்த்திருக்கிறேன். பலம் கூடிய விளக்கென்றால் அப்படி எரிந்து துணியையே கருக்கிவிடும். மூடியைக் கால் திருகு தளர்த்தினால் மின்தொடர்பு அறுந்துவிடும் வகைகளில் அதைவிட நம்பகமான பூட்டு கிடையாது.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். எக்ஸ் என்ற இடத்தில் 6 இருந்தால் தூசியும் புகாது, சிமென்ட் தூசியில் வேலை செய்கிறவர்கள் அதைப் பார்க்கலாம். தீப்பற்றும் வாயு இருக்கக்கூடிய தொட்டி, சுரங்கம் போன்ற இடங்களுக்கு இந்த எண்கள் எதுவும் போதாது. அங்கே தீப்பொறி எழாதபடி சான்று பெற்ற விளக்கு மட்டும்தான்.

எதிரில் இருப்பவரையும் மறக்கக் கூடாது. ஹெட்லாம்ப் மாட்டிக்கொண்டு யாரிடமாவது பேசினால், இயல்பாக முகத்தைப் பார்ப்போம், 300 லூமன் நேராக அவர் கண்ணில் போய் விழும். பேசுவதற்கு முன் கீலைத் தாழ்த்தவோ மங்கலுக்கு மாற்றவோ ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் ஒரே விரலால் செய்ய முடிகிற விளக்குதான் கூட்டத்தோடு போகிறவர்களுக்கு ஏற்றது. எதிரில் இருப்பதன் மேல் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்துத் தானாகவே கூட்டிக் குறைக்கும் சென்சார் விளக்குகளும் இருக்கின்றன. அவை ஓடுகிறவர்களுக்குப் பேட்டரியை மிச்சப்படுத்தும். ஆனால் குளிரில் நம் மூச்சுக்காற்றின் புகையில் பட்டுத் திரும்பும் ஒளியையே பொருள் என்று எண்ணி வெளிச்சத்தைத் தாழ்த்திவிடும். கையால் கட்டுப்படுத்தும் வழியும் கூடவே இருந்தால் சரி.

விளக்கு கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், வீட்டிலேயே ஓர் இரவு அதற்குக் கொடுங்கள். அறையை இருட்டாக்கி வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கண்ணைக் குத்தும் புள்ளி இருக்கிறதா, ஓரத்தில் வளையம் வளையமாக விழுகிறதா, பச்சைச் சாயல் அடிக்கிறதா? மங்கலான நிலையில் கைபேசிக் கேமராவில் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால், விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். கையை வேகமாக ஆட்டினால் விரல்கள் விட்டுவிட்டுத் தெரியும், சிலருக்குத் தலைவலியும் வரும். உள்ளங்கையை அதன் முன் வைத்துப் பாருங்கள். தோல் சாம்பல் பூத்ததுபோல் இல்லாமல், ரத்தம் ஓடும் கையாகத் தெரிய வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பட்டனைத் தேடுங்கள். நாலு தடவை தலையை உலுக்குங்கள். அதன் பிறகு மாட்டிக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு மணி நேரம் படியுங்கள். படித்து முடித்து, நெற்றியில் விளக்கு இருப்பதையே மறந்து படுக்கப் போனீர்கள் என்றால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.